மோல் கணக்கு: கேட்டதும் சொன்னதும்

மோல், நிறை, துகள் எண்ணிக்கை பற்றி மாணவர்கள் கேட்டவற்றுக்கு ஒரு வேதியியல் ஆசிரியரின் பதில்கள். டஜன் என்றால் 12 என்பதுபோல, ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள். இதுவே அவகாட்ரோ எண்.

கேள்வி: சார், எங்கே வகுக்கணும், எங்கே பெருக்கணும் என்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறேன். நாலைந்து சூத்திரம் இருக்கிறது, பரீட்சையில் எல்லாம் மாறிப்போகிறது. (பத்தாம் வகுப்பு மாணவி)

சூத்திரங்களை ஓரமாக வைத்துவிடும்மா. எண்ணோடு அலகையும் எழுதிக்கொண்டே போ. ஒரு மோல் தண்ணீர் 18 கிராம். உன்னிடம் இருப்பது 9 கிராம். 9-ஐ 18-ஆல் வகுத்தால் கிராமும் கிராமும் அடிபட்டு மோல் மட்டும் மிஞ்சும்: 0.5 மோல். பெருக்கினால் 162 வரும், ஆனால் கிராம் அடிபடாமல் வர்க்கமாகி நிற்கும். வழி தவறு என்று அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து 0.5-ஐ 6.022 × 10²³-ஆல் பெருக்கு: 3.011 × 10²³ மூலக்கூறுகள். கிராமிலிருந்து எண்ணிக்கைக்கு நேர் பஸ் கிடையாது, மோலில் இறங்கித்தான் மாறி ஏறணும்.

கேள்வி: அதே 9 கிராம் தண்ணீரில் எத்தனை அணுக்கள் என்று கேட்டிருந்தார்கள். 3.011 × 10²³ என்று எழுதினேன், மார்க் போடவில்லை.

மூலக்கூறை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டாய் தம்பி. ஒவ்வொரு தண்ணீர் மூலக்கூறிலும் 3 அணுக்கள், ஆக 9.033 × 10²³. இந்தப் பாடத்தில் பிள்ளைகள் மார்க்கை விடுவது பெருக்கல் வகுத்தலில் அல்ல, எந்தத் துகளைக் கேட்கிறார்கள் என்று பார்க்காததில்தான். வினாத்தாளில் அந்தச் சொல்லின் அடியில் கோடு போடு. 16 கிராம் ஆக்சிஜன் வாயுவில் மூலக்கூறுகள் அரை மோல், அணுக்கள் ஒரு மோல். சாப்பாட்டு உப்பில் மூலக்கூறு என்பதே இல்லை, மின்னூட்டம் கொண்ட அயனிகள்தான். 5.85 கிராம் சோடியம் குளோரைடு 0.1 மோல். அதில் சோடியம் அயனி 6.022 × 10²², குளோரைடு அயனியும் அதே அளவு, இரண்டும் சேர்த்து 1.204 × 10²³.

கேள்வி: 2.495 கிராம் மயில்துத்தத்தில் (தாமிர சல்பேட்) எத்தனை தண்ணீர் மூலக்கூறுகள்? 159.5-ஆல் வகுப்பதா, 249.5-ஆலா? (பதினொன்றாம் வகுப்பு)

தராசில் வைத்தது நீலப் படிகம் என்றால் 249.5. தாமிரம் 63.5, கந்தகம் 32, நான்கு ஆக்சிஜன் 64, இவை சேர்ந்து 159.5. படிகத்துக்குள் ஐந்து தண்ணீர் மூலக்கூறுகள் இருக்கின்றன, அதற்கு 90. ஆக 2.495 கிராம் என்பது 0.01 மோல். தண்ணீர் அதைப்போல் ஐந்து மடங்கு, 0.05 மோல். விடை 3.011 × 10²².

இதை லேபில் செய்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டு வாங்க வேண்டிய சோதனை இது. மெதுவாகச் சூடாக்கினால் சோதனைக்குழாயின் வாய்ப்பக்கம் நீர்த்துளிகள் படியும். நீலம் வெளிறி, கடைசியில் வெள்ளைப் பொடி மிஞ்சும். ஆறவிட்டு எடை போட்டு, மறுபடி சூடாக்கி எடை போடுங்கள். இரண்டு எடையும் ஒன்றாக வரும்வரை விடாதீர்கள். 1.595 கிராமை ஒட்டி வரும். குறைந்தது 0.9 கிராம், அதை 18-ஆல் வகுத்தால் அதே 0.05 மோல்! காகிதத்தில் போட்ட கணக்கைத் தராசும் சொல்கிறது. தீயைக் கூட்டிவிட்டால் பொடி கருத்துவிடும், அப்புறம் எடை பொருந்தாது.

கேள்வி: 36 கிராம் தண்ணீர் 2 மோல். அப்படியானால் 44.8 லிட்டரா?

இல்லை, சுமார் 36 மில்லிலிட்டர்தான். ஒரு மோலுக்கு 22.4 லிட்டர் என்பது வாயுவுக்கு மட்டும், அதுவும் 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில். சில புத்தகங்களில் 22.7 என்று இருக்கும். அவை அழுத்தத்தை 1 பார் என்று எடுத்துக்கொள்கின்றன.

கேள்வி: அவகாட்ரோ எண் ஒரு புத்தகத்தில் 6.023 × 10²³, இன்னொன்றில் 6.022 × 10²³. எது சரி?

6.022 என்றே போடுங்கள். வினாவில் வேறு மதிப்பு தந்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். முன்பு 12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையை வைத்து மோலை வரையறுத்தார்கள், அந்த எண்ணிக்கையை அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்பதே வரையறை. இத்தாலிய அறிவியலாளர் அவகாட்ரோ 1811-இல் சொன்னது வாயுக்களின் கனஅளவு பற்றிய கருதுகோள். இந்த எண்ணை அவர் அறிந்ததே இல்லை. அவர் பெயரை இதற்குச் சூட்டியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரன், 1909-இல்.

கேள்வி: கால்குலேட்டரில் எனக்கு எப்போதும் பத்து மடங்கு கூடுதலாக வருகிறது. (டிப்ளமோ முதலாண்டு)

6.022 அழுத்தி, பெருக்கல் 10 அழுத்தி, அப்புறம் எக்ஸ்ப் (EXP) 23 அழுத்துகிறீர்கள். எக்ஸ்ப் பொத்தானுக்குள்ளேயே அந்தப் ‘பெருக்கல் 10’ இருக்கிறது. 6.022, எக்ஸ்ப், 23. அவ்வளவுதான்.

கேள்வி: ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறின் நிறை 1.08 × 10²⁵ கிராம் என்று வந்தது. சரிதானா சார்?

நிலாவின் நிறை சுமார் 7.35 × 10²⁵ கிராம். உன் விடைப்படி ஒரு மூலக்கூறு நிலாவில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறாய். 18-ஐ 6.022 × 10²³-ஆல் வகு: 2.99 × 10⁻²³ கிராம். ஒரு துகளின் நிறை கேட்டால் அடுக்கில் கழித்தல் குறி வரணும். எத்தனை துகள் என்று கேட்டு, விடை ஒன்றுக்குக் கீழே வந்தால் அதுவும் தப்பு. பேனாவை மூடுவதற்கு முன் இந்த இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடு.