வால்வைப் பற்றிக் கேட்ட பெண்ணுக்கு எதற்கு வெளிநாட்டு மெடிசின் சீட்?

வணக்கம் அம்மா. ஏ லெவலில் நல்ல மதிப்பெண் வாங்கியும் மகளுக்கு இங்கே சிங்கப்பூரில் மருத்துவத்தில் இடமில்லை, கவலையாகத்தான் இருக்கும். ஆனால், பெரியப்பா சொல்லும் வெளிநாட்டுக் கல்லூரிக்காக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விற்காதீர்கள்.

மத்திய சேமநிதியிலிருந்து (மசேநிதி) எடுக்கும் கல்விக் கடன் உள்ளூர் மானியப் படிப்புகளுக்கு மட்டும்தான். சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் வெளிநாட்டுக் கல்லூரிகளின் பட்டியலோ 2020ல் 160இலிருந்து 103ஆகச் சுருங்கியது. பிறகு கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவே. பட்டியலில் இல்லாத கல்லூரியின் எம்பிபிஎஸ்ஸை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே மருத்துவராகப் பதிய முடியாது. ஏஜெண்ட் இதை முதல் நாளே சொல்லமாட்டார்.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மூளையில் நீர் கோத்ததற்காகப் பாட்டிக்கு, அதை வடிக்கும் வால்வு வைத்தார்கள்; எம்ஆர்ஐ எடுத்ததும் அதன் அழுத்த அளவை ஏன் மறுபடி பார்க்கிறார்கள் என்று மகள் தாதியிடம் கேட்டாளாம். (சில வால்வுகளின் அளவைக் காந்தத்தால்தான் மாற்றுவார்கள்; ஸ்கேனரின் காந்தமும் அதை நகர்த்திவிடலாம்.) கருவி ஏன் அப்படி நடக்கிறது என்று கேட்கிற பெண் அவள். மூளை ஆராய்ச்சி நோயாளிக்குப் பயன்பட வேண்டும் என்று அவள் சொன்னது, உறவினர் காதில் ‘நியூரோசர்ஜன்’ என்று விழுந்திருக்கிறது.

1956ல் மூளைநீரை வடிக்க ஒரு சிலிக்கோன் வால்வைச் செய்த ஜான் ஹோல்ட்டர் டாக்டரே இல்லை. அமெரிக்காவில் பட்டறை வேலை பார்த்தவர். அவர் மகனுக்கு அந்த நோய்.

இன்று அதற்கான படிப்பு உயிர்மருத்துவப் பொறியியல். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் (என்யுஎஸ்) 4 ஆண்டு. மானியம் போகக் குடிமக்களுக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்கு மேல். மசேநிதியைப் பயன்படுத்தலாம். முடித்தபின் செய்யும் வேலைகளில் ஒன்றைச் சொல்கிறேன். வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று பார்க்க, அதை 37 டிகிரி நீர்த்தொட்டியில் மூழ்கவைத்து, சிரிஞ்ச் பம்பில் மணிக்கு 20 மில்லி செலுத்துவார்கள். மூளை ஒரு நாளில் சுரக்கும் சுமார் அரை லிட்டர் நீர், மணிக்கு அவ்வளவுதான் வரும். குழாயில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அழுத்த எண் பொய். வெளிக்குழாயின் முனை தாழ்ந்துவிட்டால் நீரைக் கூடுதலாக இழுக்கும், அதுவும் பொய். சுத்த நீரில் தேறியது, புரதம் கலந்த நீரில் ஒட்டிக்கொள்ளும்.

ஆராய்ச்சிகள் பல முடங்குவது இதற்கு அடுத்த படியில். லேபில் கையால் செய்த ஐந்து மாதிரிகள் அழகாக ஓடும். எந்தத் தொகுதி சிலிக்கோன், வடிவத்தை யார் எப்போது மாற்றினார் என்ற பதிவு இருக்காது. கிருமிநீக்கம் செய்யாமலே சோதித்திருப்பார்கள். எல்லாம் முதலிலிருந்து! சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஏ முதல் டி வரையான வகைப்பாட்டில், மூளைக்குள் பொருத்தும் கருவி டி, அதாவது உச்ச ஆபத்து வகை. தரநிலைகளும் உண்டு: ஷன்ட்டுக்கு (வால்வும் வடிகுழாயும் சேர்ந்தது) ஐஎஸ்ஓ 7197, ஆபத்துக் கணிப்புக்கு 14971, உடலுக்கு ஒவ்வுமா என்பதற்கு 10993. இவற்றைப் படித்து, சோதித்து, கோப்பாக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால் சர்ஜனின் கண்டுபிடிப்பு அலமாரியிலேயே கிடக்கும்.

தொடக்கச் சம்பளம் டாக்டருக்கு ஈடாகாது. கல்யாண வீட்டில் ‘என்ன படிக்கிறாள்?’ என்று கேட்டால் இரண்டு நிமிடம் விளக்க வேண்டியிருக்கும். பரவாயில்லை, விளக்குங்கள்.

விண்ணப்பத் தேதி முடியுமுன் கணிதம், இயற்பியல் தகுதியைச் சரிபார்த்துவிடுங்கள். பாடத்திட்டத்தை அவளே படிக்கட்டும். பெரியப்பா அழைத்தால் போனை அவளிடமே கொடுங்கள்.