கரை உடைந்த பிறகு வந்த போர்

கேள்வி: நானூறு ஆண்டுகள் பாரசீகத்தை ஆண்ட சாசானிய வம்சம், காதிசிய்யாவில் ஒரே போரில் அரபுப் படையிடம் தோற்று அழிந்துவிட்டதாகப் படித்தேன். அவ்வளவு பெரிய அரசு எப்படிச் சரிந்தது? (வாசகர், தென்காசி)

பதில்: அந்த ‘ஒரே போரில்’ என்பதை முதலில் அடித்துவிடுங்கள். இந்தப் பக்கத்தில் பல வருடமாக இதற்காகத்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். எந்த வம்சத்தைப் பற்றிக் கேட்டாலும் வாசகர்கள் கடைசிப் போர்க்களத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். யானை வந்ததா, யார் முதலில் ஓடினார்கள் என்றுதான் கேட்கிறார்கள். அந்த யானைக்குத் தீனி போட்ட வரி எந்த வயலிலிருந்து வந்தது, அந்த வயலுக்கு எந்த வாய்க்கால் தண்ணீர் கொடுத்தது என்று கேட்பவர் இல்லை.

சாசானியர்களின் களஞ்சியம் இன்றைய தெற்கு ஈராக். டைகிரிஸ், யூப்ரடீஸ் நதிகளின் கால்வாய்ப் பாசனத்தில் விளைந்த பூமி. 224-ல் அர்தஷீர் பார்த்திய அரசர் அர்தபானைக் கொன்று ஆட்சியைப் பிடித்ததும், அவர் மகன் ஷாபூர் 260-ல் ரோமப் பேரரசர் வலேரியனை உயிரோடு பிடித்ததும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அதனால் அதை விட்டுவிடுகிறேன். எனக்குப் பெரிதாகப் படுவது முதலாம் குஸ்ரோ (531–579) செய்த வரிச் சீர்திருத்தம். அதற்கு முன் அரசுக்கு விளைச்சலில் பங்கு. அதிகாரி வந்து மதிப்பிடும்வரை குடியானவன் தன் சொந்தக் காயைத் தொடக் கூடாது. மரத்திலிருந்து பழம் பறித்த குழந்தையைத் தாய் தடுத்ததை குஸ்ரோவின் தந்தை கவாத் பார்த்து மனம் நொந்தார் என்று ஒரு கதை உண்டு. கதை இருக்கட்டும். நிலத்தை அளந்து, பயிருக்கேற்ப நிலையான வரி வைத்து, அதைத் தவணையில் பணமாக வாங்கினார்கள். பின்னால் வந்த அரபு ஆட்சியாளர்கள் ஈராக்கில் நில வரி விதித்ததும் இந்த அடித்தளத்தின் மேல்தான். அரசன் செய்த நல்ல காரியம் என்றால் இதைச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் தின்று தீர்த்தவர் அவருடைய பேரன் இரண்டாம் குஸ்ரோ. 602-ல் தொடங்கி 628 வரை பைசாந்தியத்தோடு, அதாவது கிழக்கு ரோமப் பேரரசோடு, ஓயாத போர். 614-ல் ஜெருசலேம் விழுந்தது, அப்புறம் எகிப்தும் கைக்கு வந்தது. கொண்டாட்டம்தான். ஆனால் பேரரசர் ஹெராக்ளியஸ் திருப்பி அடித்தபோது படை ஈராக்குக்குள்ளேயே வந்து தஸ்தகிர்த் அரண்மனையைச் சூறையாடியது. குஸ்ரோவின் கடைசிக் காலத்தில்தான் டைகிரிஸும் யூப்ரடீஸும் பொங்கிக் கரைகளை உடைத்தன. ஒன்பதாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பலாதுரி எழுதியிருப்பதைப் படியுங்கள்: குஸ்ரோ பணத்தைக் கொட்டிப் பார்த்தார், ஒரே நாளில் நாற்பது கரைகட்டும் ஆட்களைச் சிலுவையில் அறைந்தார், அப்படியும் தண்ணீர் அடங்கவில்லை. விளைநிலம் சதுப்பாகிவிட்டது. வெள்ளத்துக்காக வேலைக்காரனைக் கொன்ற அரசனை என்னால் எந்த நியாயத்தோடும் பார்க்க முடியவில்லை. அந்த நாற்பது பேரில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

628-ல் பிரபுக்கள் கூடி குஸ்ரோவை இறக்கிவிட்டு, மகன் ஷீரோயேவை உட்கார வைத்தார்கள். அவன் அப்பாவைக் கொல்ல ஒப்புக்கொண்டான். அதோடு நிற்காமல் தன் சகோதரர்களையும் கொன்று தீர்த்தான். சில மாதத்தில் அவனும் செத்தான், கொள்ளைநோயில் என்கிறார்கள். பிறகு ஒரு சிறுவன். அவனைக் கொன்று தளபதி ஷஹர்பராஸ். அவனையும் கொன்று, குஸ்ரோவின் மகள் போரான். ஆண் வாரிசு மிச்சமில்லாததால்தான் ஒரு பெண்ணை அரியணை ஏற்றினார்கள். கொலையில் தப்பிய ஒரு பேரனைக் கடைசியில் தேடிப் பிடித்து 632-ல் இஸ்தக்ர் நகரில் முடிசூட்டினார்கள். அந்த யஸ்தகிர்த் ஒரு சின்னப் பையன். பிரபு குடும்பங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. காதிசிய்யா நடந்தது இதற்கெல்லாம் பிறகு. அரபுப் படையின் திறமையை நான் குறைக்கவில்லை. எதிரே நின்றது பட்டினியும் குடும்பக் கொலையும் அரித்த அரசு என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன்.

அதிலும் உடனே முடியவில்லை. 642-ல் நஹாவந்த் தோல்வி, அதன் பிறகும் ஊர் ஊராக ஓட்டம். 651-ல் பேரரசின் வடகிழக்கு மூலையில் மெர்வ் நகர் அருகே ஒரு மாவு ஆலையில் யஸ்தகிர்த் கொல்லப்பட்டார். அவருக்கு எதிராகத் திரும்பியவர் அங்கிருந்த அவருடைய சொந்த ஆளுநரே.

‘அழிந்துவிட்டது’ என்பதிலும் எனக்குச் சம்மதமில்லை. மகன் பேரோஸ் சீனத்து தாங் அரசவையில் அடைக்கலம் புகுந்து பதவி பெற்றான். பாரசீகத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த சரதுஷ்டிர மதத்தாரான பார்சிகள் இன்றைக்கும் ஆண்டுக் கணக்கை யஸ்தகிர்த் முடிசூடியதிலிருந்துதான் எண்ணுகிறார்கள். சென்னை ராயபுரத்திலேயே அவர்களுடைய அக்னிக் கோயில் இருக்கிறது. 1910-ல் கட்டியது. பார்சி அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. வெளியே நின்று பார்க்கலாம்.