கும்பகோணத்தில் நாங்கள் படித்த பழைய பள்ளிக் கட்டடம் ஒழுகுகிறது. இடிப்பதுதான் வழியா?

ஒழுகுவது மட்டும் இடிக்கக் காரணமாகாது. மெட்ராஸ் டெரஸ் கூரையாக இருந்தால் தேக்கு உத்திரம், மேலே குத்துவாக்கில் அடுக்கிய சிறு செங்கல், சுண்ணாம்புச் சாந்து. இதற்கு எமன் பெரும்பாலும் பின்னாளில் பூசிய சிமென்ட்தான். ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளேயே தங்கும். பூச்சு உப்பி, தட்டினால் பொத்தென்று விழும். உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையை ஆணியால் குத்திப் பாருங்கள். மாவாக இறங்கினால் மாற்ற வேண்டியது அந்த உத்திரத்தை, கட்டடத்தை அல்ல. சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் கிள்ளிவிட்டுப் போகாதீர்கள், வேரோடு எடுக்கணும்.

ஆனால் பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொண்டு இதெல்லாம் வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைத் தீயில் பறிகொடுத்த ஊர் நம்முடையது (அது கீற்றுக் கூரை). பொறியாளர் பார்த்துச் சான்று தரும்வரை வகுப்புகள் வேறிடத்தில் நடக்கட்டும்.