பழைய கார், புது ஆம்ப்: எர்த்தை எங்கே கொடுப்பது?

கேள்வி: என் காருக்கு இருபது வயதாகிறது. போன மாதம் டிக்கியில் ஆம்ப்ளிஃபயரும் சப்ஊஃபரும் மாட்டினேன். இன்ஜின் ஓடும்போது ஸ்பீக்கரில் ‘ங்கொய்ய்’ என்று ஒரு சத்தம் வருகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் சேர்ந்து ஏறுகிறது. வால்யூமைக் கூட்டினால் ஹெட்லைட் மங்குகிறது, சில நேரம் ஆம்ப்பில் சிவப்பு விளக்கு எரிந்து பாட்டு நின்றுவிடுகிறது. மாட்டியவர் எர்த் வயரைப் பின்சீட் பெல்ட் போல்ட்டில் கொடுத்திருக்கிறார். ‘பழைய வண்டி அப்படித்தான் இருக்கும், நாய்ஸ் ஃபில்டரும் கெபாசிட்டரும் போட்டால் சரியாகும்’ என்கிறார். வாங்கலாமா? அல்லது பேட்டரியிலிருந்தே தனியாக எர்த் வயர் இழுத்துவிடலாமா?

பதில்: முதலில் அந்த சீட் பெல்ட் போல்ட்டிலிருந்து வயரை எடுங்கள். பாட்டெல்லாம் அப்புறம். வண்டி எதிலாவது மோதினால் பின்சீட்டில் இருப்பவரைப் பிடித்து நிறுத்துவது அந்த மாதிரி இரண்டு மூன்று போல்ட்கள்தான். அதன் கீழே ஒரு செம்பு லக்கை, அதாவது வயர் முனையில் இருக்கும் வளையத்தைச் செருகினால் போல்ட் முன்புபோல இறுகி உட்காராது. இத்தனைக்கும் அது நல்ல எர்த்கூட இல்லை. பல கார்களில் அதன் மரையில் பிசின் தடவியிருப்பார்கள், சுற்றிலும் பெயின்ட் இருக்கும். இது தெரிந்தும் மாட்டுபவர்கள் அங்கேயே போவதற்கு ஒரே காரணம், ட்ரில் எடுக்க வேண்டாம், இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். திரும்ப இறுக்கும்போது எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கார் கம்பெனி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதை ஒரு ஒர்க்‌ஷாப்பில் டார்க் ரென்ச் வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

இனி உங்கள் சத்தத்துக்கு வருகிறேன். பேட்டரியிலிருந்து சிவப்பு வயர் வழியாக ஆம்ப்புக்கு வரும் கரண்ட் அங்கேயே தங்குவதில்லை. வந்த அத்தனையும் கருப்பு வயர் வழியாகக் காரின் பாடிக்குள் இறங்கி, பேட்டரிக்கும், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் திரும்பிப் போயாக வேண்டும். வரும் பாதைக்கு எல்லோரும் பணம் செலவழிக்கிறார்கள், திரும்பும் பாதையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சப்ஊஃபரை நன்றாக அதிரவிட்டால் 40 ஆம்பியர் சாதாரணமாக ஓடும். எர்த் இணைப்பில் 0.02 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 0.02ஐ 40ஆல் பெருக்கினால் 0.8 வோல்ட். ஒவ்வொரு அடிக்கும் அவ்வளவு வோல்ட்டை அந்த ஒரு போல்ட் தின்கிறது. மின்சாரம் போதாமல் ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துபோகிறது. அதுதான் நீங்கள் பார்த்த சிவப்பு விளக்கு.

இங்கே ஒரு கண்கட்டு வித்தை நடக்கும், கவனியுங்கள். நீங்கள் சந்தேகப்பட்டால் மாட்டியவர் மல்டிமீட்டரை எடுத்து, ஒரு முனையை லக்கிலும் இன்னொன்றைப் பாடியிலும் வைப்பார். ‘பீப்’ என்று கத்தும். ‘பாத்தீங்களா, எர்த் பக்காவா இருக்கு’ என்பார். அந்த பீப் பல மீட்டர்களில் இருபது, முப்பது ஓம் தடை இருந்தாலும் கத்தும். வெறும் ஒரு ஓம் இருந்தாலே 12 வோல்ட்டில் 12 ஆம்பியருக்கு மேல் போக வழியில்லை. நமக்கு வேண்டியது ஓமில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே. அதை அளக்க அந்த மீட்டரால் முடியாது, அதன் சொந்த வயர்களின் தடையே அதைவிட அதிகம். பீப்பை நம்பி நொந்தவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அந்தச் சத்தமே பிடிக்காமல் போய்விட்டது.

சரியாக அளக்கும் வழி வேறு, அதுவும் எளிது. மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். கருப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனைமேல் வைக்க வேண்டும். கிளாம்ப் மேல் அல்ல, நடுவில் இருக்கும் ஈயத் தண்டின் மேல். சிவப்பு முனையை ஆம்ப்பின் எர்த் ஸ்க்ரூவில் வையுங்கள். டிக்கி வரை எட்டாது என்றால் எந்த மெல்லிய வயரையும் சேர்த்து நீட்டிக்கொள்ளலாம், மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, பேஸ் அதிகமுள்ள பாட்டு ஒன்றைச் சத்தமாகப் போடுங்கள். மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5ஐத் தாண்டினால் திருடன் அந்தப் பாதையில்தான் இருக்கிறான். இப்போது சிவப்பு முனையை மட்டும் நகர்த்தி, லக்குக்குப் பக்கத்தில் சுரண்டிய வெற்று இரும்பில் வையுங்கள். எண் சட்டென்று விழுந்தால் கோளாறு லக்கில் அல்லது அந்தக் குட்டி வயரில். விழாமல் அப்படியே நின்றால் கோளாறு முன்பக்கம், பானெட்டுக்கு அடியில்.

பழைய கார்களில் பாதிக்குப் பாதி முன்பக்கம்தான். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் வயர், இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் பட்டை, இந்த இரண்டும் இருபது வருடமாக வெயிலும் எண்ணெயும் தண்ணீரும் குடித்தவை. வெளியே ரப்பர் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு பச்சைப் பொடியாகியிருக்கும். இன்ஜின் பட்டை முழுதாக அறுந்த கார்களில் கரண்ட் வேறு வழி தேடி ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகக்கூடப் போகும், கேபிள் சூடாகி உறை உருகும். ஹெட்லைட் மங்குவதற்கும் முதலில் இந்த இரண்டு வயர்களைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரண்டையும் கழற்றி, முனைகளையும் அவை உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, தடிமனான புது வயராகவே மாற்றிவிடுங்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு வரும் பாசிட்டிவ் வயரையும் அப்போதே மாற்றிவிட்டால் இன்னும் நல்லது, ஆனால் அதில் இருக்கும் ஃப்யூஸை விட்டுவிடாதீர்கள்.

இப்போது டிக்கி. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். ஆம்ப்பிலிருந்து ஒன்றரை அடிக்குள், பாடியோடு ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட கெட்டியான இரும்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸ்க்ரூ போட்டுப் பொருத்திய தகடு வேண்டாம், கீல் வேண்டாம். ஓட்டை போடும் முன் காரின் அடியில் குனிந்து பார்ப்பது கட்டாயம். ஸ்டெப்னி இருக்கும் இடத்துக்கு அந்தப் பக்கம்தான் பெட்ரோல் டாங்கும் பிரேக் பைப்பும் ஓடுகின்றன.

பிறகு பெயின்ட். ஒரு பெரிய நாணயம் அளவுக்கு வட்டமாகச் சுரண்டுங்கள். மேலே இருப்பது கலர், அதற்கடியில் ஒரு சாம்பல் நிற ப்ரைமர். நிறைய பேர் அந்தச் சாம்பலை இரும்பு என்று நினைத்து அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இரும்பு பளபளக்கும், கண்ணாடி மாதிரி வெளிச்சம் அடிக்கும். அது வரும் வரை தேயுங்கள். டிங்கரிங் பார்த்த பழைய காரில் ப்ரைமருக்குக் கீழே, பள்ளத்தை நிரப்பிய பட்டியும் (putty) இருக்கலாம். உப்புத்தாளில் வெள்ளை மாவு மாவாக வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், அங்கே இரும்பு எந்த நிலையில் இருக்கிறதோ.

தகட்டில் நேராக முறுக்கி ஏற்றும் ஸ்க்ரூ போதாது. டிக்கித் தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் அளவுதான், அதில் ஒன்றிரண்டு மரைதான் பிடிக்கும், நாலு மாதக் குலுக்கலில் தளர்ந்துவிடும். எட்டு மில்லிமீட்டர் போல்ட்டை ஓட்டையில் விட்டு, அடியில் வாஷரும் நட்டும் போட்டு இறுக்குங்கள். லக் நேராக வெற்று இரும்பின்மேல் உட்கார வேண்டும், அதற்கு மேலே ஸ்டார் வாஷர், பிறகுதான் போல்ட் தலை. இறுக்கி முடித்தபின் மேலும் கீழும் பெயின்ட்டோ கிரீஸோ தடவி மூடுங்கள். இல்லையென்றால் அடுத்த மழைக்கே துரு ஆரம்பிக்கும்.

எர்த் வயர் பவர் வயரின் அதே தடிமனில் இருக்க வேண்டும். இங்கேதான் இன்னொரு ஏமாற்று. கடையில் ‘4 கேஜ் கிட்’ என்று விற்பதில் பல நேரம் இருப்பது முழுச் செம்பு இல்லை. அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு முலாம். ஒரே ஒரு இழையை எடுத்துக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே சிவந்து உள்ளே வெளுத்திருந்தால் அலுமினியம். மேலே வெளுத்து உள்ளே சிவந்திருந்தால் வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு, அதைத் தவறாகத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அலுமினிய வகை செம்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் கரண்டைக் கடத்தும். அதுதான் கிடைக்கிறது என்றால் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். 4 கேஜ் என்றால் உலோகம் மட்டும் 21 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வெளியே தடித்த ரப்பரை ஏற்றி ஏமாற்றுவது சுலபம், வெட்டு முகத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அட்டைப் பெட்டியில் ‘1500 வாட்’ என்று போட்டிருக்கிறது என்பதற்காக வயர் கணக்குப் போடாதீர்கள். ஆம்ப்பின் பக்கவாட்டில் இருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் என்றால் 14.4 வோல்ட்டில் உள்ளே போவதே 432 வாட்தான். உள்ளே போகாதது எப்படி வெளியே வரும்? 14.4 வோல்ட்டில், 4 ஓமில், ஒரு சதவீதச் சிதைவுக்குள் அளந்து போட வேண்டும் என்று 2003லேயே ஒரு தரநிலை வந்தது, இப்போது அதன் பெயர் சி.டி.ஏ. 2006 (அது தரநிலையின் எண், வருடமல்ல). ஆனால் கட்டாயமில்லை, விருப்பமுள்ளவர்கள் பின்பற்றலாம். விருப்பமுள்ளவர்கள் பின்பற்றலாம் என்று சொன்னால் யார் பின்பற்றுவார்கள்? இருபது வருடத்துக்கு மேலாகிறது, பெட்டிமேல் இன்னும் கனவுகளைத்தான் அச்சடிக்கிறார்கள். அதே பெட்டிக்குள் இருக்கும் குறிப்புப் புத்தகம் எர்த்தைப் பற்றி ஒரே வரியில் முடித்துக்கொள்ளும்: ‘நல்ல எர்த்தில் இணைக்கவும்.’

எர்த்தைச் சரிசெய்தும் அந்த ‘ங்கொய்ய்’ இருந்தால், உங்கள் போனை எடுங்கள். ஆம்ப்பை அணைத்துவிட்டு, டேஷ்போர்டு செட்டிலிருந்து பாட்டின் சிக்னலைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. வயரைப் பிடுங்கி, அந்த இடத்தில் போனிலிருந்து ஒரு வயரைச் செருகுங்கள். போன் சார்ஜரில் இருக்கக் கூடாது. இன்ஜினை ஓடவிட்டுக் கேளுங்கள். சத்தம் போய்விட்டால் ஆம்ப்பில் குறையில்லை. செட்டின் எர்த் ஒரு அளவிலும் ஆம்ப்பின் எர்த் வேறு அளவிலும் இருக்கிறது, அந்த வித்தியாசம் ஆர்.சி.ஏ. வயரின் மேலுறை வழியாக ஓடி ஆல்டர்னேட்டரின் இரைச்சலையும் கூட்டி வருகிறது. செட்டின் கருப்பு வயரைப் பழைய கொத்திலிருந்து பிரித்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் வெற்று இரும்பில் தனியாகக் கொடுங்கள். போனிலும் சத்தம் வந்தால் திரும்பவும் ஆம்ப்பின் வயர்களுக்கே போக வேண்டும். ஆம்ப்பின் கெயினை, அதாவது வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் திருகை, முழுக்கத் திருப்பி வைத்திருந்தால் அதையும் குறையுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பவரும் ஆர்.சி.ஏ.வும் இணைந்திருக்கும்போது எர்த் வயரைக் கழற்றிப் பார்ப்பது. கரண்ட் உடனே ஆர்.சி.ஏ. மேலுறை வழியாகத் திரும்ப முயலும். அப்படி உருகிய ஒரு வயரை என் மேஜையில் வைத்திருக்கிறேன். கறுத்த முறுக்குக் கம்பி மட்டும்தான் மிச்சம், அதன் மறுமுனையில் இருந்த செட்டும் போயிற்று.

நாய்ஸ் ஃபில்டர் வேண்டாம். மலிவான ஃபில்டர்கள் பேஸையும் சேர்த்துத் தின்றுவிடும், சப்ஊஃபர் வாங்கியதே வீண். கெபாசிட்டரும் வேண்டாம். ஒரு ஃபாரட் கெபாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்கும்போது தருவது 26 ஜூல். 500 வாட் இழுக்கும் ஆம்ப்புக்கு அது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் காணும். எர்த் கெட்டிருக்கும்போது அதைப் போடச் சொல்வது, ஓட்டைப் பானைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பதுபோல.

பேட்டரிக்கே தனி எர்த் இழுக்கலாமா என்று கேட்டீர்கள். டிக்கித் தரை முழுக்கத் துரு தின்ற வண்டி என்றால் இழுக்கலாம். ஆனால் ஐந்து மீட்டர் நல்ல 4 கேஜ் செம்பிலேயே 40 ஆம்பியருக்கு 0.16 வோல்ட் போய்விடும். தவிர, பாடி எர்த் கெட்டபடியே இருந்தால் செட் அதிலேயே மாட்டிக்கொண்டிருக்கும், இரைச்சல் கூடத்தான் செய்யும். முன்பக்க வயர்களை மாற்றிவிட்டால் இதற்குத் தேவை வராது.

உங்கள் காருக்கு இது பொருந்தாது, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இன்னும் பழைய, 1960களின் பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள். அவற்றில் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். எம்.ஜி.பி. கார் 1967 வரை அப்படித்தான் வந்தது. முன்பு யாராவது மாற்றியிருக்கவும் கூடும், ஆகவே வருடத்தை நம்பாமல் பானெட்டைத் திறந்து, பாடிக்குப் போகும் வயர் எந்த முனையிலிருந்து கிளம்புகிறது என்று கண்ணால் பாருங்கள். அது பாசிட்டிவ் என்றால் இதுவரை சொன்ன எதையும் செய்யாதீர்கள். பல ஆம்ப்களின் உலோகப் பெட்டியே உள்ளே நெகட்டிவோடு இணைந்திருக்கும். ஆம்ப்பின் நெகட்டிவைப் பேட்டரி நெகட்டிவுக்குக் கொடுத்துவிட்டு, பெட்டியைப் பாடியில் ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் பேட்டரியின் இரு முனைகளும் அங்கேயே முட்டிக்கொள்ளும். பெட்டியை மரப்பலகையில் ஏற்றித் தப்பித்தாலும், செட்டின் ஆன்டெனா வயரின் உறை பாடியைத் தொடும், அப்போதும் அதே கதை. அந்த வண்டியை முதலில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும். பேட்டரியைத் திருப்புவதோடு டைனமோவுக்குப் புதுத் துருவம் ஏற்ற வேண்டும், இக்னிஷன் காயிலின் இரு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும், மின்சார பெட்ரோல் பம்ப் எந்த வகை என்று பார்க்க வேண்டும். அந்தக் கார்களில் கைபழகிய எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

உங்கள் வேலைக்கு அரை நாள் ஆகும். முடித்ததும் மீட்டரை வைத்து மறுபடி அளந்து, அந்த எண்ணை ஒரு துண்டு டேப்பில் எழுதி ஆம்ப் மேல் ஒட்டிவையுங்கள். ஒரு மழைக்காலம் கழித்து அளக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அதன் பிறகும் சிவப்பு விளக்கு எரிந்தால் எர்த்தை விட்டுவிட்டு ஸ்பீக்கர் வயர் எங்காவது பாடியில் உரசுகிறதா என்று பாருங்கள்.