அண்ணாச்சி பதில்கள்: எத்தனை லட்சம் கடன், எத்தனை ஆயிரம் சம்பளம்?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து கல்யாணம், சொத்துத் தகராறு, மூட்டு வலி எல்லாம் ஓரமாகப் போய்விட்டது. வருகிற கடிதங்களில் முக்கால்வாசி காலேஜ் பற்றித்தான். பேங்கில் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவன் என்பதால், இந்த வாரம் முழுக்க அதையே பேசிவிடுவோம்.

கேள்வி: அண்ணாச்சி, நான் முக்கூடலில் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் நல்ல மார்க், கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்தான் வேண்டும் என்கிறாள். திருநெல்வேலி பக்கத்திலேயே ஒரு காலேஜில் கவுன்சலிங்கில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. கட்டணம் 55,000, பஸ் 25,000, மற்ற செலவு 10,000. ஆனால் ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்து கோயம்புத்தூரில் ஒரு காலேஜைச் சொல்கிறார். மேனேஜ்மென்ட் சீட் வருஷத்துக்கு 87,000, ஹாஸ்டல் ஒரு லட்சத்துக்கு மேலே, அதுபோக முதலில் 'பில்டிங் ஃபண்ட்' 2 லட்சம், அதற்கு ரசீது கிடையாது. நூறு சதவீதம் வேலை, போன வருஷம் ஒரு பையனுக்கு 18 லட்சம் பேக்கேஜ், லோன் போட்டால் பிள்ளையே கட்டிவிடும் என்கிறார். என்ன செய்ய?

தங்கச்சி, முதலில் ஒன்று. மகள் எந்தப் பள்ளியில் படித்தாள் என்று நீங்கள் எழுதவே இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் கவுன்சலிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குப் போடுங்கள். 2021லிருந்து இன்ஜினியரிங்குக்கும் அது உண்டு, கிடைத்துவிட்டால் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டும், நீங்கள் இந்தப் பக்கத்தையே மூடி வைத்துவிட்டுப் பீடி சுற்றப் போகலாம். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி என்றால் அந்த ஒதுக்கீடு இல்லை, ஆனால் மாதம் 1,000 ரூபாய் வரும் புதுமைப் பெண் திட்டம் உண்டு.

இரண்டும் இல்லை என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். பக்கத்து காலேஜ் வருஷத்துக்கு 90,000. உங்கள் வீட்டில் இதுவரை யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள், கவுன்சலிங்கில் சேருகிற பிள்ளைக்குக் கட்டணத்தில் 25,000 வரை குறையும். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது, ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார். ஆக 65,000. கைக்காசு 5,000 போட்டால் வருஷம் 60,000 கடன். கோயம்புத்தூருக்கு வருஷம் 2 லட்சம் கடன். ரசீது இல்லாத அந்த 2 லட்சத்துக்கு எந்த பேங்கும் கடன் தராது, அது உங்கள் கழுத்திலிருந்துதான் வரும்.

கல்விக் கடனில் படிக்கிற காலத்துக்கும், முடித்து ஒரு வருஷத்துக்கும் தவணை கேட்க மாட்டார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், பலரும் வழுக்கி விழுவது இங்கேதான். பத்து சதவீதம் தனி வட்டி என்று வைத்தால், முதல் வருஷம் வாங்கிய பணத்துக்கு ஐந்து வருஷ வட்டி, இரண்டாம் வருஷத்துக்கு நான்கு, இப்படிச் சேர்ந்து, 2,40,000 வாங்கினால் தவணை தொடங்குகிற நாளில் 3,24,000 நிற்கும். 8 லட்சம் வாங்கினால் 10,80,000. பத்து வருஷத்தில் அடைப்பதாக இருந்தால் முதல் கடனுக்கு மாதம் சுமார் 4,280 ரூபாய், இரண்டாவதுக்குச் சுமார் 14,270. இதில் இன்னொன்று, 4 லட்சம் வரை ஜாமீனே கேட்க மாட்டார்கள், ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து ஈடு கேட்பார்கள். அதாவது வீட்டுப் பத்திரம்.

இப்போது சம்பளம். பெரிய ஐ.டி. கம்பெனிகள் புதுப் பிள்ளைகளைக் கூட்டமாக எடுக்கும்போது கொடுப்பது வருஷத்துக்கு மூன்று, மூன்றரை லட்சம்தான், பத்து வருஷத்துக்கும் மேலாக அந்த இடத்தை விட்டு அது பெரிதாக நகரவில்லை. மூன்றரை லட்சம் என்றால் பி.எஃப்., அது இது எல்லாம் போகக் கையில் வருவது மாதம் 25,000 பக்கம். சோழிங்கநல்லூரில் நாலு பேரோடு ஹாஸ்டல் ரூம், சாப்பாடு, பஸ், போன், தீபாவளிக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் டிக்கெட் எல்லாம் போக 11,000, 12,000 மிஞ்சினால் கெட்டிக்காரி. அதில் 4,280 கட்டலாம், வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பலாம். 14,270 எங்கிருந்து கட்டுவாள்?

சரி, அந்த 18 லட்சம் பையன்? பொய்யாக இருக்காது. அந்த வகுப்பில் வேலை கிடைத்த அறுபது பேரைச் சம்பளப்படி வரிசையாக நிற்க வையுங்கள். அவன் கடைசி ஓரத்தில் நிற்கிற ஒருவன். நாம் பார்க்க வேண்டியது நடுவில் முப்பதாவதாக நிற்கிற பிள்ளையை. மத்திய அரசு காலேஜ்களுக்குப் போடுகிற என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கிற காலேஜ்கள் எல்லாம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நாலு வருஷத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடு ஆளின் சம்பளம் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்து, அதைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். பள்ளிக்கூடக் கணக்கில் இடைநிலை அளவு என்று படித்தார்களே, அதேதான், மகளே பார்த்துச் சொல்லிவிடுவாள். இரண்டு காலேஜுக்கும் அந்தத் தாளை எடுத்து அருகருகே வையுங்கள். ஒன்று அந்தத் தாளே போடவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டரும் காலேஜ் வாரியாகத் தேர்ச்சி விகிதம் வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். 'நூறு சதவீதம் வேலை' என்பது பெரும்பாலும் அரியர் இல்லாமல், வேலைக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகளில் நூறு சதவீதம். மிச்சப் பேர் கணக்கிலேயே வர மாட்டார்கள். ஒரே பிள்ளைக்கு மூன்று கம்பெனி ஆர்டர் வந்தால் மூன்றாக எண்ணுகிற இடங்களும் உண்டு.

கோயம்புத்தூர் மோசம் என்று நான் சொல்லவில்லை. கவுன்சலிங்கிலேயே அங்கே அரசுக் கல்லூரி கிடைக்கிற மார்க் என்றாலும், இங்கே திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரி கிடைக்கிற மார்க் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள். ரசீது இல்லாமல் 2 லட்சம் கேட்கிறவரை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படி வாங்குவதைத் தடுக்க 1992லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டாயிற்று.

அப்புறம், உங்கள் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் துறை கல்வி உதவித்தொகை கொடுக்கிறது, தொழிற்படிப்பு என்றால் வருஷத்துக்கு 25,000 வரை. சுளகை மடியில் வைத்துக்கொண்டு இருபது வருஷம் இலை வெட்டியவர்களுக்கே இது தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்கிறார்கள். அப்படியானால் நம் பிள்ளைகள் ஏன் டிகிரியை வாங்கிய கையோடு சென்னை பஸ் ஏறுகிறார்கள்? - பேட்டை வாசகர்

ஆக்ஸ்ஃபோர்டு இங்கே, ஆபீஸ் அங்கே. 1923இல் தொடங்கிய சேவியர்ஸ் காலேஜ் பட்டதாரிகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது, ஆனால் அத்தனை பேருக்கும் சம்பளம் கொடுக்கிற கம்பெனிகள் தாமிரபரணிக் கரையில் முளைக்கவில்லை. கங்கைகொண்டான் சிப்காட்டில் இப்போது சோலார் தொழிற்சாலை வந்து நிறையப் பெண் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, அது நல்ல சேதி. மற்றபடி வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னை கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள், பாதி திருநெல்வேலி அங்கேதான் பஸ்ஸுக்கு நிற்கும்.

கேள்வி: என் மகன் இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. 3 லட்சத்துச் சொச்சம் கடன். ஒரு வருஷம் வேலை இல்லாமல் இருந்துவிட்டு இப்போது சென்னையில் 17,000க்குப் போகிறான். தவணை ஆறு மாதமாக நிற்கிறது. பேங்கிலிருந்து நோட்டீஸ், ஒருவர் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்து வீட்டை ஜப்தி செய்வோம் என்கிறார். நான் ரிட்டயர்டு ஆள், கையெழுத்துப் போட்டிருக்கிறேன். - அம்பாசமுத்திரம் வாசகர்

ஐயா, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். வீட்டை ஈடு வைக்காமல் வாங்கிய கடனுக்கு, கோர்ட்டுக்குப் போகாமல் யாரும் வந்து வீட்டைப் பூட்டிவிட முடியாது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தேதி, நேரம், நம்பரைக் குறித்துக்கொண்டு கிளை மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள், அங்கே பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனுக்கு, அதாவது குறைதீர்ப்பாளருக்குப் போகலாம்.

அதற்காகக் கடன் போய்விடாது. நீங்களும் கூட்டுக் கடன்தாரர், தவணை 90 நாள் தவறினாலே அது வாராக்கடன், மகனின் சிபிலோடு (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கான மதிப்பெண்) உங்கள் சிபிலும் அடிபட்டிருக்கும். நான் பார்த்தவரை பேங்குக்காரனுக்குக் கோபம் வருவது பணம் வராததால் அல்ல, ஆள் வராததால். மகனை ஒரு சனிக்கிழமை வரச் சொல்லி (இரண்டாம், நான்காம் சனி லீவு, பார்த்துக்கொள்ளுங்கள்) மூன்று மாத சம்பளச் சீட்டோடு இரண்டு பேருமாகக் கிளைக்குப் போங்கள். கடனின் காலத்தை 15 வருஷம் வரை நீட்டித்துத் தவணையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வேலையில்லாத காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்கவும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் இடம் உண்டு, ஆனால் கேட்டால்தான் கொடுப்பார்கள், வாயால் கேட்டால் போதாது.

லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், 'ஒரே தவணையில் முடித்துக்கொள்ளுங்கள், பாதி தள்ளுபடி' என்று கூப்பிடுவார்கள். கையில் பணம் இருந்தால் பரிசீலிக்கலாம், ஆனால் சிபிலில் 'செட்டில்டு' என்று விழும், நாளைக்கு மகன் வீட்டுக் கடனுக்குப் போனால் அது முன்னால் வந்து நிற்கும். இன்னொன்று, நீங்கள் கடன் வாங்கிய வருஷம் குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்ததா? அப்படியானால் படிப்புக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கிற திட்டம் உண்டு. உங்கள் கணக்கில் அது வந்ததா, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேளுங்கள். வருமானச் சான்றிதழ் கொடுக்காததால் அது வராமலே போன கணக்குகள் ஏராளம்.

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு காலேஜில் பி.காம். எய்டடு பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது. சொந்தக்காரர்கள் "பி.காமா?" என்று இளக்காரமாகக் கேட்கிறார்கள். கடன் வாங்கியாவது இன்ஜினியரிங் போகவா? - சங்கரன்கோவில் மாணவர்

தம்பி, எய்டடு என்றால் பேராசிரியருக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது, உனக்கு வருஷத்துக்குச் சில ஆயிரத்தோடு முடிந்துவிடும். அதே கட்டடத்தில் அதே பாடத்தை சுயநிதிப் பிரிவில் படிக்கிறவன் பல மடங்கு கட்டுகிறான். உன் இடத்துக்கு எத்தனை பேர் வெளியே நிற்கிறார்கள் என்று அந்தச் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது.

ஆனால் உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெறும் பி.காமோடு ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கணக்கெழுதப் போனால் 15,000த்தைத் தொடவே சில வருஷம் ஆகும். கடன் இல்லாமல் முடிக்கிற உனக்கு இருக்கிற சொத்து அந்த மூன்று வருஷம்தான். சி.ஏ.வோ, பேங்க் தேர்வோ, டி.என்.பி.எஸ்.சி.யோ, ஒன்றை முதல் வருஷமே பிடித்துக்கொள். மூன்றையும் பிடிக்காதே. இன்ஜினியரிங் மேலே உனக்கே ஆசை இருந்தால் வேறு பேச்சு, கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

கேள்வி: தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ என்ற சாஃப்ட்வேர் கம்பெனியில் ப்ளஸ் டூ முடித்தவர்களையே எடுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்களாமே, காலேஜே வேண்டாமா?

உண்மைதான். அவர்கள் நடத்துகிற பள்ளியில் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு, நன்றாக முடித்தால் அங்கேயே வேலை. கடன் கணக்கில் பார்த்தால் இதை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் தேர்வு வைத்துத்தான் எடுப்பார்கள், கொஞ்சம் பேரைத்தான் எடுப்பார்கள், டிகிரி கையில் வராது. பின்னால் அரசு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ டிகிரி கேட்டால் தொலைதூரக் கல்வியில் ஒன்று முடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். பரீட்சையை எழுதச் சொல்லுங்கள், கவுன்சலிங்கையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: படிக்கும்போதே வட்டி கட்டினால் லாபமா அண்ணாச்சி? - வீரவநல்லூர் வாசகி

லாபம்தான் அம்மா. மேலே முக்கூடல் தங்கச்சிக்குச் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வருஷம் 60,000 கடன் என்றால் முதல் வருஷம் மாத வட்டி 500, அடுத்து 1,000, அப்புறம் 1,500, கடைசியில் 2,000, முடித்த பிறகான அந்த ஒரு வருஷமும் 2,000. இப்படிக் கட்டிவிட்டால் கடன் 2,40,000லேயே நிற்கும், பிள்ளை கட்ட வேண்டிய தவணை 4,280லிருந்து சுமார் 3,170 ஆகும். படிக்கிற காலத்தில் வட்டி கட்டுகிறவர்களுக்கு ஒரு சதவீதம் வட்டி குறைக்கிற வங்கிகளும் உண்டு, சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் வேலையில் இருந்தபோது பாப்பாக்குடி பக்கத்திலிருந்து ஒருவர் வருவார். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி, பாஸ்புக்கை பால் கவரில் சுற்றி, மஞ்சப்பையில் வைத்து. 700 ரூபாய், பெரும்பாலும் பத்தும் இருபதுமாக. காஷியர் சலித்துக்கொள்வார். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், என்ட்ரி போட்டு வாங்கி, மீதி எவ்வளவு என்று என்னிடம் வந்து ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மறுபடி பால் கவரில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவார்.