புதுத் தொட்டியில் மீன் விட எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

கடலூரில் இரண்டடித் தொட்டி வாங்கியிருக்கிறீர்கள், தண்ணீர் நிரப்பி மறுநாளே மீன் விடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுங்கள்.

மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். அது மீனுக்கு விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் குறைந்த அளவில் பெரிதாகத் தொந்தரவு செய்யாது, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியேறத்தான் இத்தனை நாள். தெளிந்த தண்ணீரைப் பார்த்து நம்பி, என் முதல் தொட்டியில் ஐந்தே நாளில் கப்பி மீன்களை இழந்தேன். இன்றும் மனது ஆறவில்லை.

ஃபில்டரை இரவு பகலாக ஓடவிட்டு, மீன் இல்லாவிட்டாலும் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள்; அதிலிருந்து வரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்கு உணவு. தெரிந்தவர் வீட்டு நல்ல தொட்டியிலிருந்து பழைய பஞ்சு கிடைத்தால் வேலை சீக்கிரம் முடியும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். அப்புறம் முதலில் இரண்டு மூன்று மீன் போதும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் பாக்டீரியாவும் சாகும். ஆன்டி-குளோரின் சொட்டு விடுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலை அள்ளிவந்து போட்டுவிடாதீர்கள். உப்பைக் கழுவினாலும், கிளிஞ்சல் துண்டுகள் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும். மீன் கடைக் கல்லையே கலங்கல் போகும்வரை அலசிப் போடுங்கள். சோப்பு மட்டும் எதிலும் படக்கூடாது.