டிசைன் பேப்பர் ஒட்டினதும் வாழ்த்து அட்டை வளைந்துபோகிறதே, ஏன்?

பசையில் இருக்கும் தண்ணீர்தான் காரணம். ஃபெவிகாலைத் தடவியதும் மெல்லிய டிசைன் பேப்பர் ஈரத்தை இழுத்து விரியும், அப்புறம் காயும்போது சுருங்கி அடியில் இருக்கும் அட்டையையும் தன் பக்கம் இழுத்துவிடும். அதனால் பெரிய பரப்புக்கு இரட்டைப் பக்க டேப்தான் நல்லது. ஃபெவிகாலைப் பூ, மணி மாதிரி சின்ன அலங்காரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அட்டையும் 250 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கன அளவு) குறையாமல் இருக்கட்டும், சார்ட் பேப்பர் வேண்டவே வேண்டாம்.

ஏ4 அட்டையைப் பாதியாக வெட்டி மடித்தால் 105 × 148 மில்லிமீட்டர் கார்டு கிடைக்கும், டிசைன் பேப்பரை 97 × 140 என்று வெட்டி நடுவில் ஒட்டினால் சுற்றிலும் 4 மில்லிமீட்டர் ஓரம் தெரியும், அழகே அதில்தான்!

ஏற்கெனவே வளைந்த கார்டா? உள்பக்கமும் அதே பசையால் ஒரு தாளை ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள், பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.